மணல் பூமியிலும் பூ பூக்கும்

மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய் என்றொரு கரையோரக் கிராமம் உண்டு. அந்தப் பக்கமெல்லாம் மணலும் பனையும் உப்புக் காற்றும்தான். மன்னாரில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழை. நுவரெலியாவில் பெய்வதில் இது ஏறக்குறையப் பாதி. அதிலும் பெரும்பகுதி வருடக் கடைசியில் கொட்டித் தீர்ந்துவிடும். மே மாதத்திலிருந்து சோளகக் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

மலையில இருக்கிற நமக்கு இது எதுக்கு என்று கேட்பீர்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிப் பக்கம் குடியேறிய சொந்தக்காரர் நம்மில் பலருக்கு உண்டு. இங்கேயும் மாசி, பங்குனியில் பீலித் தண்ணீர் சுருங்கிவிடும். லயத்து வாசலில் பூமரம் வைக்க மண்ணும் கிடையாது. இரண்டு இடத்துக்கும் வழி ஒன்றுதான்: கிடைக்கிற தண்ணீரைச் சட்டிக்குள் பிடித்து வைப்பது.

மணலில் ஊற்றும் தண்ணீர் வேரைத் தாண்டிக் கீழே ஓடிவிடும். சட்டியில் என்றால் மண்ணை நாமே கலக்கலாம். பழைய வாளி, எண்ணெய்த் தகரம், உடைந்த குடம் எதுவும் போதும். அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. இதோடு இரண்டு முறை அலசிய தும்புத் தூளையும் சேர்த்தால் ஈரம் நிற்கும். மேலே காய்ந்த சருகு பரப்புங்கள். தகரம் வெயிலில் கொதிக்கும். வெளியே சாக்குச் சுற்றினால் வேர் வேகாது. காற்றுக்கு ஓலை மறைப்புக் கட்டுங்கள். மன்னாரில் கழுதையும் ஆடும் திரிவதால் சட்டியை உயரத்தில் வைப்பது நல்லது.

விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் மட்டும், காலையில் ஊற்றுங்கள். அரிசி கழுவின தண்ணியே போதும்.

நித்தியகல்யாணி, பத்துமணிப் பூ, வாடாமல்லி, கடதாசிப் பூ ஆகியவை வெயில் தாங்கும். நித்தியகல்யாணி நஞ்சுள்ளது, புள்ளைங்க வாயில வைக்காமப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கவேண்டும். புல்லுக்கு அடிக்கிற மருந்துக் கேனை எவ்வளவு கழுவினாலும் சட்டியாக்காதீர்கள். கையில் எடுத்து விளையாடுவது நம் புள்ளைங்கதான். அடுத்தது டெங்கு. 2017இல் நம் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு அது கண்டது. சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரிலும் அந்தக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆகவே தட்டே வேண்டாம். வைத்தால் மணல் நிரப்புங்கள், அல்லது வாரத்தில் இரண்டு முறை தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள்.

வாசலில் பூ இருந்தால் வீட்டுக்கே ஒரு களை. அது நோயில்லாத வாசலாகவும் இருக்கட்டும் என்பதே நமது வேண்டுகோள்.