வெளிமாநிலத் துப்பாக்கி: சட்டம் ஒன்று, கையெழுத்து பல

இந்தியாவில் துப்பாக்கிக்குச் சட்டம் ஒன்றுதான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆயுதங்களும் தோட்டாக்களும் அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் இடம்பெற்றவை. தமிழ்நாட்டுக்கென்றோ கேரளத்துக்கென்றோ தனித் துப்பாக்கிச் சட்டம் கிடையாது. இதைக் கேட்டதும் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சட்டம் ஒன்று என்றால் எந்த மாநிலத்தில் வாங்கினால் என்ன, நெல்லையில் எடுத்த ஓட்டுநர் உரிமம் குவாஹாட்டியில் செல்லும்போது துப்பாக்கி உரிமம் மட்டும் ஏன் செல்லாது என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்போடு வெளிமாநிலத்திலிருந்து ஒரு ரிவால்வரைப் பெட்டியில் வைத்து ரயிலேறுகிறவர் ஊர் வந்து சேருமுன் குற்றவாளியாகிவிடலாம். சட்டம் டெல்லியில் இயற்றப்பட்டாலும் அதைக் கையாளும் பொறுப்பு மாவட்டத்தில் இருக்கிறது. திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் உரிமம் தருகிறவர் காவல் ஆணையர். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்குக் கொக்கிரகுளத்து ஆட்சியர். இப்படி மாவட்டத்தில் பிடி இருப்பதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. அது இருந்தே ஆக வேண்டும். ஒரு மாவட்டத்து அதிகாரி அறிந்தது இன்னொரு மாவட்டத்து அதிகாரிக்குப் போய்ச் சேராத இடைவெளிதான் குறை. துப்பாக்கி எப்போதும் அந்த இடைவெளி வழியாகத்தான் நழுவி வந்திருக்கிறது.

தாமிரபரணிக் கரைக்கு இது புதிய பாடமல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போது 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருந்தது. இந்தியர் ஒருவர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க அது இடம் தரவில்லை. ஆனால் சுட்ட வாஞ்சிநாதனின் ஊரான செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அவருக்குத் துப்பாக்கிப் பயிற்சி தந்தவர் வ.வே.சு. ஐயர், இடம், பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. சுட்டது பிரிட்டிஷ் மண்ணில். மூன்று அரசுகள், மூன்று காவல்துறைகள், மூன்று பதிவேடுகள். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 1909 டிசம்பரில், நாசிக் ஆட்சியர் ஜாக்சனைக் கொன்ற பிரவுனிங் கைத்துப்பாக்கி, லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிவைத்த இருபதில் ஒன்று; பெட்டியின் போலி அடித்தட்டில் மறைந்து கப்பலில் வந்தது. அந்தப் போராளிகளின் நோக்கம் பற்றிய விவாதம் வேறு. இங்கே கவனிக்க வேண்டியது ஆயுதம் வந்த வழியை. உள்ளங்கையில் அடங்கி, இடுப்பில் மறைந்துவிடும் கருவி அது. ஓர் அரசின் பதிவேடு முடிந்து அடுத்த அரசின் பதிவேடு தொடங்காத இடத்தில் அதைப் பிடிக்க ஆளில்லை.

இன்று சமஸ்தானமும் இல்லை, பிரெஞ்சு எல்லையும் இல்லை. ஆனாலும் அந்த இடைவெளி அடைபட்டதா என்றால், 'இல்லை' என்கிறது ஜம்மு காஷ்மீர் உரிம ஊழல். 2012 முதல் 2016 வரையிலான ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து சுமார் 2.78 லட்சம் ஆயுத உரிமங்கள் தகுதியற்றவர்களுக்கு வழங்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வு அமைப்பான சிபிஐ சொன்னது. இதை முதலில் தோண்டி எடுத்தது 2017இல் ராஜஸ்தான் காவல்துறை. எங்கோ வசிக்கும் ஒருவர் ஆயுத வியாபாரியிடம் பணம் கொடுத்தால், அவர் கால் வைத்தே இராத மாவட்டத்திலிருந்து உரிமம் வந்து சேர்ந்தது என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். இராணுவத்தினர் பெயரிலும் ஏராளமான உரிமங்கள் எழுதப்பட்டிருந்தன. நெல்லை, தென்காசிக் கிராமங்களிலிருந்து படையில் சேர்ந்து வடக்கே பணியாற்றித் திரும்பியவர்கள் பலர். அங்கே முறைப்படி உரிமம் பெற்றவர்களும் இந்த ஊழலுக்குப் பின் சந்தேக வளையத்துக்குள் வந்தார்கள். நாடு முழுதும் ஒரே சட்டம் இருந்தும், விண்ணப்பதாரரின் சொந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு ஒரு வார்த்தை போகாததால் நடந்தது இது.

முறையாக வாங்குவது எப்படி? முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை விசாரணை அறிக்கை வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும் கேட்கின்றன. சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு நுட்பமான வேறுபாடு காட்டுகிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, குழலின் உட்புறம் வரிகள் இல்லாமல் வழவழப்பான துப்பாக்கி கேட்டால், மறுக்கத் தகுந்த காரணம் இல்லாதபோது உரிமம் தர வேண்டும் என்கிறது. கைத்துப்பாக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. தக்க காரணம் உண்டு என்று அதிகாரியே நிறைவுகொள்ள வேண்டும். அப்படிக் கிடைத்தாலும் 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரணக் குடிமகன் பெரும்பாலும் வாங்குவது .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமக் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகக் கூடியது. கையில் உரிமம் வந்ததும் அதிலுள்ள செல்லுபடிப் பரப்பு என்ற இடத்தைப் பாருங்கள். மாவட்டம் என்றோ மாநிலம் என்றோ இருந்தால், அந்த எல்லைக்கு வெளியே அந்தத் தாளுக்கு உயிரில்லை. கான்பூரிலோ கொல்கத்தாவிலோ வாங்கி ஊருக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், உரிமம் தந்த அதிகாரியிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எடுத்துவருவதற்கான அனுமதியைப் பெற்ற பிறகே பணம் கட்ட வேண்டும். வந்ததும் ஆயுதத்தைக் காட்டி அதன் எண்ணை உரிமத்தில் ஏற்ற வேண்டும்.

கடையில் வாங்காமல் இன்னொரு உரிமதாரரிடம் வாங்கினால் 5ஆம் பிரிவு குறுக்கே வருகிறது. விற்பவர் தன் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவரான ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் ஆயுதத்தைக் கைமாற்றலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தகவல் வாங்குபவரின் மாவட்டத்துக்கும் போயாக வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஜெய்ப்பூர்க்காரர் ஜெய்ப்பூரில் கடிதம் கொடுக்கிறார், பாளையங்கோட்டைக்காரர் வாங்குகிறார். வாங்குபவர்மீது அண்மையில் அடிதடி வழக்குப் பதிவானதா என்பது பாளையங்கோட்டை நிலையத்துக்குத்தான் தெரியும். தெரிந்த நிலையத்துக்குக் கடிதம் வருவதில்லை, கடிதம் வந்த நிலையத்துக்கு ஆளைத் தெரியாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை என்று 2019இல் தண்டனையைக் கூட்டிய நாடாளுமன்றம், இந்த ஓட்டையை அப்படியே விட்டுவிட்டது.

துப்பாக்கி உரிமைக்குப் பேர்போன அமெரிக்கா இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஆனாலும் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒருவர் வேறு மாநிலத்தில் கைத்துப்பாக்கியை வாங்கிக் கையோடு எடுத்துவர முடியாது. அது அவருடைய சொந்த மாநிலத்திலுள்ள உரிமம் பெற்ற வியாபாரிக்கு அனுப்பப்பட வேண்டும். அங்கே பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கைக்கு வரும். வேட்டைத் துப்பாக்கிக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு, கைத்துப்பாக்கிக்கு இல்லை. வாங்குபவரின் ஊர்தான் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளுக்குள் வராவிட்டால், அந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். நண்பரின் பெயரில் வாங்கி வைத்துக்கொள்வதும் குற்றமே.

வாங்குபவரின் ஊருக்கு இந்தப் பிடி வேண்டும் என்பதற்கு எதிராக மூன்று வாதங்கள் உண்டு. முதலாவது, இது வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டம் என்பது. நெல்லைச் சீமையில் அந்த வாதத்துக்கு வலு அதிகம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இரண்டாண்டில், 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் பாளையக்காரர்களின் மக்களிடமிருந்த ஆயுதங்களைப் பறித்தது, கோட்டைகள் தரைமட்டமாயின. 1878ஆம் ஆண்டுச் சட்டமோ ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியருக்கு உரிமம் கேட்டது. அந்த அவமானம் உண்மை. ஆனால் 1959ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இனப் பாகுபாட்டைத் துடைத்துவிட்டது. நமது அரசியலமைப்பு துப்பாக்கியை அடிப்படை உரிமையாக்கவில்லை என்பதை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா அமர்வு அமெரிக்காவோடு ஒப்பிட்டே சுட்டிக்காட்டியது. அடிமைப்படுத்தப் பிறந்த கட்டுப்பாடும், சமமானவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடும் ஒன்றல்ல.

இரண்டாவது, மலையடிவார விவசாயியின் வாதம். களக்காடு முண்டந்துறைக் காட்டை ஒட்டி நெல்லும் வாழையும் பயிரிடுகிறவருக்குக் காட்டுப்பன்றி செய்யும் சேதம் கற்பனையல்ல. ஒரே இரவில் ஒரு வயல் போய்விடுகிறது. சட்டமும் அவரை மறக்கவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கும், அது போதாதென்றால் வேறு வகைக்கும் 13ஆம் பிரிவிலேயே வழியிருக்கிறது. ஆனால் பன்றியைச் சுடுவதை வனவிலங்குச் சட்டம் தனியே கட்டுப்படுத்துகிறது. காட்டெல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவார்கள் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இழப்பீடு தாமதமாவதும் வனத்துறையினர் நேரத்துக்கு வராததும் நியாயமான கோபங்கள். அவற்றுக்கு வெளிமாநிலத்துக் கைத்துப்பாக்கி மருந்தாகாது. பன்றி வேட்டைக்கு ரிவால்வர் உதவாது. அது மனிதரை நோக்கவே செய்யப்பட்டது.

மூன்றாவது வாதம்தான் கனமானது: குற்றவாளி உரிமமா கேட்கிறான், சட்டத்தை மதிப்பவன் மட்டும்தானே அலைகிறான்? அலைச்சல் உண்மைதான், அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஜம்மு காஷ்மீரில் நடந்தது கள்ளத் துப்பாக்கிக் கதையல்ல, அரசு முத்திரை விழுந்த தாள்களின் கதை. முறையான தாள் எங்கே போகிறது என்று தெரியாதபோது கள்ளத் துப்பாக்கிக்கும் அதுவே போர்வையாகிறது. சாதி மோதல்களில் அரிவாளால் இழந்த உயிர்கள் போதாதென்று தாமிரபரணிக் கரைக்குக் கைத்துப்பாக்கியும் வேண்டுமா என்பதை யோசிக்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யவும், சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்யவும், தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கே உரிமம் வழங்கவும் சொல்கிறது. யாரிடம் என்ன இருக்கிறது என்பது ஆட்சியருக்குத் தெரிந்தால்தானே இந்த விதிக்குப் பொருள்? ஜெய்ப்பூர் உரிமத்தோடு ஊருக்குள் வந்த ஒரு ரிவால்வர் கொக்கிரகுளத்துக் கணக்கில் இல்லையென்றால், பாதிக்கப்படக்கூடிய மக்களுக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு அந்த அளவுக்கு ஓட்டையாகிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்குகிறார்கள். கணக்கில் இல்லாதவரிடம் யார் போய்க் கேட்பது?

தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் இப்போது இருக்கிறது. தனி அடையாள எண் ஏறாத உரிமம் செல்லாது. கருவி தயாராக இருக்கும்போது செய்ய வேண்டியது சிறியதுதான். 5ஆம் பிரிவின் 45 நாள் அறிவிப்பு விற்பவரின் ஊரில் பதிவாகும் அதே நாளில் வாங்குபவரின் உரிம அதிகாரிக்கும் அவரது காவல் நிலையத்துக்கும் தரவுத்தளம் வழியே போகட்டும்; அவர்கள் ஒப்புதல் பதிவாகாமல் எந்த மாநிலத்துக் கைத்துப்பாக்கியும் கைமாறக் கூடாது என்று விதியில் ஒரு வரி சேரட்டும். பதில் தருவதற்கும் அதே 45 நாளைக் கெடுவாக்கினால் நேர்மையானவரின் அலைச்சலும் குறையும். விதி மாறும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது உண்டு. வெளிமாநில உரிமத்தோடு ஊர் திரும்பி நிரந்தரமாகக் குடியேறியவர்கள் 30 நாளுக்குள் இங்குள்ள அதிகாரிக்குத் தெரிவித்துவிடுங்கள். உரிமம் காலாவதியாகியிருந்தாலோ, உரிமதாரர் இறந்து துப்பாக்கி பீரோவில் கிடந்தாலோ, அதை விற்கவோ உறவினரிடம் கொடுக்கவோ முயலாமல், 21ஆம் பிரிவின்படி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.