இன்னொரு தடவை காட்டுங்க மேடம்

பாலிடெக்னிக் மலரில் பிசியோதெரபி பற்றி என்ன கட்டுரை என்று நினைக்கலாம். போன வருடம் சைக்கிளிலிருந்து விழுந்து எனக்கு முழங்கை முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவுக்கு மூன்று வாரம் போனேன். கை சரியாயிற்று. ஆனால் அங்கே நான் கற்றுக்கொண்டது வேறு.

என்னைக் கவனித்தவர் படிப்பு முடிந்து இன்டர்ன்ஷிப்பில் இருந்த ஓர் அக்கா. கோனியாமீட்டர் வைத்து மூட்டை அளந்தார். நம் லேபில் இருக்கும் பெவல் புரொட்ராக்டர் மாதிரிதான். முழங்கை சுமார் 140 டிகிரி மடங்க வேண்டும். எனக்கு 90-தான் வந்தது. அக்கா கொஞ்சம் அழுத்தினார். உடனே சீனியர் மேடம் தன் கையை அக்காவின் கைமேல் வைத்து, "டிகிரியைப் பார்க்காதம்மா, அந்தத் தம்பி முகத்தைப் பாரு. இங்க நிறுத்து" என்றார்.

மூட்டை மெதுவாக அசைத்துக்கொண்டே போனால் கடைசியில் கைக்கு ஒரு தடை தெரியும். இதை 'என்ட் ஃபீல்' என்கிறார்கள். முழங்கையை மடக்கும்போது சதையோடு சதை முட்டினால் மெத்தென்று இருக்கும். நீட்டும்போது எலும்போடு எலும்பு முட்டினால் கெட்டியாக இருக்கும். தசைநார் பிடித்தால் தோல் வாரை இழுப்பது போலத் தெரியும். வலியால் தசை சட்டென்று இறுகினால் அதற்கு மேல் போகக்கூடாது. முறிந்த முழங்கையைப் பலவந்தமாக மடக்கினால் சதைக்குள்ளேயே எலும்பு உருவாகிவிடும் ஆபத்து உண்டு. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எது எந்தத் தடை என்று அக்காவின் கைக்குப் புரிய, மேடத்தின் கை வேண்டியிருந்தது.

நோயாளி எதிரிலேயே திருத்தினார்களே, அக்கா முகம் வாடுவார் என்று பார்த்தேன். இல்லை. "இன்னொரு தடவை காட்டுங்க மேடம்" என்றார்!

மதியம் கூட்டம் குறைந்ததும் மேடம் கேள்வி கேட்பார். இந்தப் பயிற்சி ஏன் கொடுத்தாய்? நாளைக்கு என்ன மாற்றுவாய்? மேற்படிப்பில் எலும்பு மூட்டு, நரம்பு, இதயம் நுரையீரல், குழந்தைகள், விளையாட்டு என்று பல பிரிவுகள் உண்டாம். "எல்லா வார்டிலும் நின்னு பாரு. அப்புறம் முடிவு பண்ணு" என்பார்.

இந்தத் துறையில் இது பழைய வழக்கம். 1894-ல் இங்கிலாந்தில் நான்கு நர்சுகள் சேர்ந்து சங்கம் அமைத்து, மசாஜ் தொழிலுக்குப் பயிற்சி, பரீட்சை என்று ஒழுங்கு கொண்டுவந்தார்கள். அதுதான் இன்று அந்நாட்டு பிசியோதெரபிஸ்டுகளின் சங்கம்.

நம் வேலூர் சி.எம்.சி.யைப் பாருங்கள். 1954-ல் நடந்த விபத்தில் டாக்டர் மேரி வர்கீஸின் கால்கள் செயலிழந்தன. இனி மருத்துவமே செய்ய முடியாதோ என்ற நிலை. தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிவந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே அந்த அறுவை சிகிச்சையைச் செய்யலாம் என்று வழிகாட்டினார். சக்கர நாற்காலியிலிருந்தே அவர் செய்தார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் அவர் முயற்சியால் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

எங்க வீட்டில் படித்தவர் யாரும் இல்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று அப்பாவிடம் கேட்க முடியாது. காலேஜில் கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்பார்களோ என்று கூச்சம். இரண்டு வருடம் வாயே திறக்கவில்லை. அந்த அக்காவைப் பார்த்த பிறகுதான் ஃபைனல் இயர் அண்ணன் ஒருவரிடம் போய்க் கேட்டேன். பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியையும், உதவித்தொகையோடு ஒரு வருட அப்ரன்டிஸ் பயிற்சி இருப்பதையும் அரை மணி நேரம் உட்கார்ந்து சொன்னார். சிரிக்கவில்லை.

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரிடமும் முதலாண்டுத் தம்பி தங்கைகள் இருவரை ஒப்படைக்கலாமே. செலவு ஒன்றும் இல்லை.

நான் இப்போது மூன்றாமாண்டு. ஒர்க்ஷாப்பில் ஃபைலிங் போடும்போது கை சாய்கிறதா? கூப்பிடுங்கள். கையைப் பிடித்தே காட்டுகிறேன்.