எண்பது சதவீதம் இருந்தும் கையில் ஒன்றுமில்லை

சென்னையில் பிறந்த ஃபிரஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது அதன் ஊழியர்களில் பல நூறு பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அதே ஊரின் ஸோஹோ வெளியார் முதலீடே வாங்காமல் உலகம் முழுக்க வளர்ந்தது. ஆனாலும் ஸ்டார்ட்அப் தொடங்கும் இளைஞர்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது, “ஃபண்டிங் வந்தாச்சா?” என்ன நிபந்தனையில் வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. ஆபத்து அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

முதலீட்டாளர் முதலில் நீட்டுவது டெர்ம் ஷீட், அதாவது நிபந்தனைகளின் சுருக்கம். சில பக்கங்களே இருக்கும். பின்னால் வரும் பங்குதாரர் ஒப்பந்தம் இதை ஒட்டித்தான் எழுதப்படும். அதில் நிறுவனத்தின் மதிப்பு இத்தனை கோடி என்ற வரியை எல்லோரும் படித்துவிடுவார்கள். படிக்காமல் விடுவது ‘லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்’, அதாவது நிறுவனத்தை விற்கும்போது முதலீட்டாளர் முதலில் பணம் எடுக்கும் உரிமை.

கோவையில் இரு நண்பர்களின் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டாளர் 5 கோடி போட்டு 20 சதவீதப் பங்கு வாங்குகிறார். வியாபாரம் சரியாகப் போகாமல் 8 கோடிக்கு விற்க நேர்கிறது. தங்களிடம் 80 சதவீதம் இருப்பதால் 6.4 கோடி வரும் என்று நண்பர்கள் கணக்குப் போடுவார்கள். நிபந்தனை போட்ட பணத்தில் ஒரு மடங்கு என்றால் முதலீட்டாளர் முதலில் தன் 5 கோடியை எடுப்பார். மிச்சம் 3 கோடி. மிச்சத்திலும் பங்கு உண்டு என்று எழுதியிருந்தால் இன்னும் 60 லட்சம் போகும், நண்பர்களுக்கு 2.4 கோடி. இரண்டு மடங்கு என்று எழுதியிருந்தால் 8 கோடியும் அவருக்கே. எனவே ஒரு மடங்கு, மிச்சத்தில் பங்கு இல்லை என்பதில் உறுதியாக நிற்க வேண்டும்.

நிறுவனரின் நாற்காலியும் நிரந்தரம் இல்லை. ஹவுஸிங் டாட் காம் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த இணை நிறுவனரை 2015 ஜூலையில் இயக்குநர் குழுவே வெளியேற்றியது. குழுவில் யாருக்கு எத்தனை இடம், வெளியேறும் நிறுவனரின் பங்குகள் என்னவாகும் என்பதை முதலீட்டாளரின் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது. அவர் முதலீட்டாளருக்காக வேலை செய்பவர். சொந்த வக்கீலுக்கு ஆகும் செலவு வீண் செலவல்ல.

பணம் திரட்டும் முறைக்கும் வரம்பு உண்டு. வாட்ஸ்அப் குழுவில் “எங்கள் பங்கை வாங்குங்கள்” என்று விளம்பரம் போடுவது சட்ட மீறல். 2013 நிறுவனச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, தனிப்பட்ட முறையில் அழைக்கப்பட்டவர்களிடம் மட்டுமே பணம் திரட்டலாம். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். தவறினால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், அதையும் தாண்டினால் 12 சதவீத வட்டி சேரும். பணம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் இதுவே பிடிமானம்.

முதலீடு வாங்கித் தருகிறோம், முதலில் ‘பிராசஸிங் ஃபீஸ்’ கட்டுங்கள் என்று அழைப்பு வந்தால் நம்பக் கூடாது. ஃபண்ட் பதிவு பெற்றதா என்பதை செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

பங்குதாரர் உரிமை நசுக்கப்பட்டால் நிறுவனச் சட்டத்தின் 241ஆம் பிரிவின்கீழ் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை நாடலாம்; 10 சதவீதப் பங்கு இருப்பவருக்கு அந்தத் தகுதி உண்டு, குறைவாக இருந்தாலும் தீர்ப்பாயம் விலக்கு அளிக்கலாம். ஒப்பந்தத் தகராறு பெரும்பாலும் நடுவர் மன்றத்துக்குத்தான் போகும். அது சிங்கப்பூரில் என்று எழுதியிருந்தால், வழக்கு நடத்தும் செலவே சிறு நிறுவனரை மடக்கிவிடும். சென்னை என்று மாற்றக் கேட்க வேண்டிய நேரம், டெர்ம் ஷீட் மேஜைக்கு வரும் அன்றைக்குத்தான்.