கசிவும் காப்பும்

மகிழுந்து நின்றிருந்த இடத்தில் காலையில் ஈரத்தடம் காணப்படுவதுண்டு. அது குளிரூட்டியிலிருந்து வடிந்த நீராயின் கவலையில்லை. நெடி வீசும் பெட்ரோலாயின் உடனே கவனித்தல் வேண்டும். எரிபொருள் கலத்தின் கசிவை வீட்டிலேயே சரிசெய்ய இயலுமா? எந்த அளவிற்கு இயலும்? இவ்வினாக்களுக்கு விடை காணப் பெட்ரோலின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

ஆவியின் இயல்பு

தீப்பற்றுவது நீர்ம நிலையிலுள்ள பெட்ரோல் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே ஆகும். சுழியத்திற்கும் கீழே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றுவதற்குப் போதிய ஆவியைப் பெட்ரோல் வெளியிடும். இவ்வாவி காற்றைவிட எடை மிகுந்தது. எனவே, தரையோடு படர்ந்து பள்ளங்களில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இது கலந்திருக்கும்போது சிறு பொறியும் தீ மூட்டப் போதுமானது. நிறைந்த கலத்தில் காற்றுக்கு இடம் குறைவு. வெறுமையான கலத்திலோ, எஞ்சிய துளிகளின் ஆவியும் காற்றும் எரிவதற்கேற்ற அளவில் கலந்துவிடக்கூடும். ஆகவே, கலம் காலியாகிவிட்டது, இனி அச்சமில்லை என எண்ணுவது பெரும்பிழை.

முன்னேற்பாடுகள்

எஞ்சினை இயக்காமல், வண்டியைத் தள்ளிக் காற்றோட்டமுள்ள திறந்த வெளியில் நிறுத்த வேண்டும். எஞ்சின் ஆறிய பின்னர், பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். அடுப்பு, விளக்கு, கைப்பேசி ஆகியன அருகில் இருத்தல் கூடாது. உலர்தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். பெட்ரோல் நீரின்மேல் மிதப்பதால், நீரை ஊற்றினால் தீ மேலும் பரவும். வண்டியின் அடியில் செல்வோர் ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான தாங்கிகளைப் பொருத்துதல் இன்றியமையாதது.

கசிவை அடைத்தல்

கசிவு கலத்தில்தான் உள்ளது என உடனே முடிவு செய்தலாகாது. ரப்பர்க் குழாயின் வெடிப்பும் அதன் கவ்வியின் தளர்வும் காரணமாகலாம். அவ்வாறாயின் அவற்றை மாற்றினாலே போதும். உலோகக் கலத்தில் துருவினால் ஊசித்துளை ஏற்பட்டிருந்தால், எரிபொருளின் மட்டம் துளைக்குக் கீழே இறங்கும்வரை அதனைக் கைப்பம்பினால் வெளியேற்ற வேண்டும். வாயால் உறிஞ்சுவது நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைக்கும். எரிபொருளுக்கென அமைந்த கொள்கலத்தைத் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும்.

பின்னர், துளையைச் சுற்றியுள்ள துருவையும் வண்ணப்பூச்சையும் உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து நீக்க வேண்டும். மின்கருவிகள் பொறி எழுப்பும். அவ்விடத்தைத் துடைத்து நன்கு உலர்த்திய பின், பெட்ரோலைத் தாங்கவல்ல இருகூறு எப்பாக்சி பசையைப் பிசைந்து, துளையினும் அகலமாக அழுத்தி ஒட்ட வேண்டும். உறையில் குறித்துள்ள நேரம் முழுவதும் காத்திருந்து, சிறிதளவு எரிபொருளை ஊற்றிக் கசிவு நின்றதா எனச் சோதிக்க வேண்டும்.

கைவேலையின் எல்லை

இந்த அடைப்பு தற்காலிகமானது. பணிமனைக்குச் செல்லும் வரை மட்டுமே இதனை நம்பலாம். இன்றைய மகிழுந்துகள் பலவற்றின் கலம் பாலித்தீன் நெகிழியால் ஆனது. அதன்மேல் பெரும்பாலான பசைகள் உறுதியாக ஒட்டுவதில்லை. நெகிழிக் கலத்தின் வெடிப்பிற்கும், உலோகக் கலத்தின் பொருத்துவாய்ப் பிளவிற்கும் புதிய கலம் பொருத்துவதே ஏற்றது. வீட்டில் வெல்டிங் செய்வது உயிருக்கே கேடாகும். தேர்ந்த வல்லுநர்கள்கூடக் கலத்தைக் கழற்றித் தூய்மை செய்து, ஆவியை முற்றிலும் அகற்றிய பின்னரே அப்பணியைத் தொடங்குவர். வெளியேற்றிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றுதலும் கூடாது. அதன் ஆவி கால்வாய் வழியே அயலார் வீட்டு வாசலை அடையக்கூடும்.

துளையை அடைக்கக் கற்பது கைத்திறன். எந்தத் துளையைத் தான் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதும் அத்திறனின் ஒரு பகுதியே. பணிமனைச் செலவு சில நாளில் மறந்துபோகும். ஒரு நொடிப் பொறியால் விளையும் இழப்பை எதனாலும் ஈடுசெய்ய இயலாது.