அம்மாவுக்கு யார் முறை?

ஒரத்தநாட்டுப் பக்கம் 'முறை' என்றால் வாய்க்கால் தண்ணீர்தான் முதலில் நினைவுக்கு வரும். இப்போது பெற்றோரையும் முறை வைத்துத்தான் பார்க்கிறோம். இந்த மாதம் பெரியவன் வீடு, அடுத்த மாதம் சின்னவன் வீடு. நல்ல நினைவோடு இருக்கும் அம்மாவுக்கே அது அலைச்சல். டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த அம்மாவுக்குக் கேடு. கழிவறை எந்தப் பக்கம், கொல்லைக்கதவு எங்கே என்று பிடிபடுவதற்குள் பையைக் கட்டிவிடுகிறோம். இடம் மாற மாறக் குழப்பம் கூடும். அம்மா ஒரே வீட்டில் இருக்கட்டும், பிள்ளைகள் முறை வைத்து வரட்டும். வர முடியாதவர் பணம் தரட்டும்.

பணம் என்றதும் அடுத்த தகராறு. "எங்கிட்ட போன்ல நல்லாத்தானே பேசுது, அதுக்கு என்ன நோய்?" என்பார் வெளிநாட்டில் இருக்கும் மகன். அவர் பொய் சொல்லவில்லை. ஆரம்பக் கட்டத்தில் பத்து நிமிடம் தெளிவாகப் பேச முடியும். ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் இறங்கி நடப்பதைக் கூட இருக்கும் மகளோ மருமகளோதான் பார்க்கிறார். இதை வாதாடித் தீர்க்க முடியாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, தேதியோடு சீட்டு வாங்குங்கள். தைராய்டு கோளாறு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு.

நிலம் இருக்கும் வீட்டில் சண்டை வேறு மாதிரி. "இப்பவே எழுதி வாங்கிடு" என்று யாராவது காதில் ஓதுவார்கள். புரியாத நிலையில் அம்மா கைநாட்டு வைத்த செட்டில்மென்ட் செல்லாது. மருத்துவச் சீட்டே நாளைக்குச் சாட்சியாகும். முன்பே எழுதிய பவர் பத்திரமும் உதவாது. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். மூத்த மகன் என்பதற்காக யாருக்கும் கையெழுத்து உரிமை தானாக வராது. சிகிச்சைச் செலவுக்கு அம்மா பெயரிலுள்ள சொத்தை விற்கத்தான் வேண்டுமென்றால், பாதுகாவலராக நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மனைவியை அப்படி நியமித்தது.

சொத்தை வாங்கிக்கொண்டு சோறு போடாதவர்களுக்கு 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். மகன், மகள் இருவருக்குமே பொறுப்பு உண்டு. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். அம்மாவால் மனு கொடுக்க முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம், தீர்ப்பாயம் தானாகவும் விசாரிக்கலாம். தனியாகப் பார்த்துக்கொள்ளும் மகள் உடன்பிறந்தவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். நாகப்பட்டினத்தில் ஒரு மூதாட்டி மகனுக்கு எழுதிய செட்டில்மென்ட்டைக் கோட்டாட்சியர் ரத்து செய்தார். 'பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று பத்திரத்தில் எழுதியிருக்கவில்லை. அன்பால் எழுதியதில் அந்த எதிர்பார்ப்பும் அடங்கும் என்று 2025இல் உயர் நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது. கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. விவரம் கேட்க, முதியோர் உதவி எண் 14567.

இத்தனை சண்டையிலும் அம்மாவை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆரம்பக் கட்டத்தில் அவரால் சொல்ல முடியும். மனநலச் சிகிச்சை முடிவுகளில் தன் சார்பில் யார் நிற்க வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தாலே போதும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அது சொத்துக்குச் செல்லாது, மனநல வைத்தியத்துக்குச் செல்லும். பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது அம்மாவையும் கூடத்தில் உட்காரவைத்து, யார் வீட்டில் இருக்கப் பிடிக்கும் என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். வந்ததைத் தேதி போட்டு எழுதி, பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.