ஓடாத ஃபேனும் 12 வோல்ட்டும்

நெடுஞ்சாலையில் நிதானமாக நிற்கும் வெப்ப முள், சிக்னலில் வண்டி நின்றதும் ஏறத் தொடங்கினால் ரேடியேட்டர் ஃபேன் மேல் சந்தேகம் விழுவது நியாயம்தான். ஓட்டத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. ஆனால் ஃபேன் சுற்றவில்லை என்றதும் பல பட்டறைகளில் நடப்பது என்ன? ஃபியூஸைப் பார்க்கிறார்கள், ரிலேயை மாற்றிப் போடுகிறார்கள், மோட்டாரின் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைக்கிறார்கள். மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. 'கரன்ட் வருது, மோட்டார்தான் போச்சு' என்று தீர்ப்பாகிவிடுகிறது. சாட்சியம் போதாமல் சொல்லப்படும் தீர்ப்பு அது.

சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும். அது இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஃபேன் மோட்டாருக்கோ 10 ஆம்பியர், பெரிய வண்டிகளில் அதற்கும் மேல் வேண்டும். குழாய் பாதி அடைத்திருந்தாலும், திறக்காதவரை அதில் நீரழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். களிம்பு ஏறிய கப்ளரும் அப்படியே. அதன் மின்தடை வெறும் 0.6 ஓம் என்று வையுங்கள். மீட்டருக்கு அது இருப்பதே தெரியாது. மோட்டாரை வெறும் 1.2 ஓம் மின்தடையாக எடுத்துக்கொண்டு எளிய கணக்குப் போட்டால், அதற்குக் கிடைப்பது 8 வோல்ட். மீதி 4 வோல்ட் அந்தக் களிம்பிலேயே ஏறக்குறைய 27 வாட் வெப்பமாகிறது. பல வண்டிகளில் கப்ளரின் பிளாஸ்டிக் கருகி இளகிக் கிடப்பது இதனால்தான். அந்தக் கருகலைப் பார்த்தும் புது மோட்டாரைப் பழைய கப்ளரிலேயே செருகுவதை என்னவென்று சொல்ல!

ஆகவே சுமை கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். மோட்டாரைக் கழற்றிய இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பை இணைத்தால் அது நாலரை ஆம்பியர் கேட்கும். பல்பு மங்கினால் பாதையில் கோளாறு. பளிச்சென்று எரிந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால், தேய்ந்த கார்பன் பிரஷ்ஷைத் தாராளமாகக் குற்றம் சாட்டலாம். பல்பு எரியும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கப்ளரின் எர்த் முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே வேலை முடிந்துவிடக்கூடும்.

'பேட்டரியிலிருந்து டைரக்டாகக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரியுமே' என்பார்கள். தெரியும், மோட்டார் நல்லதா என்பது மட்டும். பாதையில் எங்கே அடைப்பு என்பதை அந்தச் சோதனை சொல்லாது. அவசரத்துக்கு அப்படி வண்டியை வீடு சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்த ஒயரையே ஃபியூஸ் இல்லாமல் நிரந்தரமாக்கி, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுப்பது ரிப்பேர் ஆகாது. அதிர்வில் ஒயரின் உறை தேய்ந்து பாடியைத் தொட்டால் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அதில் பாயும், தீப்பிடிக்கும். கணினி மட்டுப்படுத்தும் புதிய ஃபேன்களில் வேகத்துக்கேற்ப மின்சாரம் துடிப்புத் துடிப்பாக வருவதால் மீட்டர் காட்டும் சராசரி எண்ணை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். எந்த வண்டியானாலும் சோதிக்கும்போது கையை இறக்கையிலிருந்து தள்ளியே வையுங்கள். சாவியை அணைத்த பிறகும் சில ஃபேன்கள் தாமாகச் சுற்றத் தொடங்கும்.