இரண்டு நிமிஷ ஆகாயப் பிரயாணம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பிரயாண நேரம் கிடைத்துவிடும் என்பது பள்ளியில் கற்ற கணக்கு. இக்கணக்கு பொருந்தாமற்போகும் இடமொன்றைக் காண விரும்பும் அங்கத்தினர்கள், ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் சிதறிக் கிடக்கும் ஆர்க்னித் தீவுகளைத் தேசப்படத்தில் தேடிப் பார்ப்பார்களாக.

அங்கே வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என இரு தீவுகள் அண்டையண்டையாக உள்ளன. இரண்டிலும் சிறு விமான நிலையங்கள் உண்டு. அவற்றிற்கு இடைப்பட்ட தூரம் 2.7 கிலோமீட்டர், நம்மவர் பலர் சந்தைக்கு நடக்கும் தூரந்தான். எடின்பரோ நகர விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றே ஏறக்குறைய இந்நீளம் உடையது. ஆயினும், 1967 முதல் லோகன்ஏர் கம்பெனியார் இவ்விடையில் விமானம் விட்டு வருகின்றனர். அட்டவணையில் குறித்துள்ள நேரம் இரண்டு நிமிஷம். காற்று அனுகூலமாயிருந்த ஒரு சமயம் 53 விநாடியிலேயே கடந்ததுண்டு. உலகில் அட்டவணைப்படி நடைபெறும் விமானப் பிரயாணங்களுள் இதுவே மிகக் குறுகியது.

இங்கு பறப்பது ஐலாண்டர் என்னும் இரட்டை எஞ்சின் சிறு விமானம். விமானியைத் தவிர எட்டுப் பேர் அமரலாம்; ஒருவருக்கு விமானியின் பக்கத்திலேயே இடம் கிடைக்கும். மணிக்கு 240 கிலோமீட்டர் என வைத்துக்கொண்டால் கணக்குப்படி 40 விநாடி போதும். ஆனால் மேலெழும்பவும், ஓடுபாதைக்கு நேராகத் திரும்பவும், இறங்கவுமே நேரம் முழுதும் கழிந்துவிடுகிறது. முழு வேகத்தை எட்ட இடமேயில்லை. எதிர்காற்று வீசினால் இன்னும் தாமதம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை சுமார் 15,300 கிலோமீட்டரை 18 மணி நேரத்துக்கு மேல் பறந்து கடக்கும் விமானத்துக்கோ ஏற்றமும் இறக்கமும் சொற்பப் பகுதியே. அங்கே வகுத்தற் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும்.

இவ்வளவு அருகிலுள்ள ஊருக்கு விமானம் எதற்கு, பொதுப்பணத்தில் இதற்கு உதவித்தொகை கொடுப்பது வீண் செலவன்றோ என்று கேட்கலாம். கணக்குத் தணிக்கை செய்வோருக்கு முதலில் தோன்றும் கேள்வியும் இதுவே. ஆனால், இந்த இரண்டு நிமிஷத்தைத் தனியே பிரித்து எடைபோடுவது முறையன்று. விமானம் புறப்படுவது ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலிலிருந்து. ஒரு தீவில் இறங்கி, மற்றதற்குத் தாவி, மீண்டும் கிர்க்வால் சேர்கிறது. வைத்தியரும் ஆசிரியரும் இவ்வழியே வருகின்றனர். நோயாளிகள் இவ்வழியே மருத்துவமனைக்குச் செல்கின்றனர். கிர்க்வாலுக்குக் கப்பலில் ஒன்றரை மணிக்கு மேலாகும். விமானத்தில் கால் மணி, இருபது நிமிஷந்தான். குளிர்காலக் கடல் கப்பலை எப்போதும் அனுமதிப்பதுமில்லை.

19ஆம் நூற்றாண்டில் பாப்பா வெஸ்ட்ரேயில் முந்நூறு பேருக்கு மேல் வசித்தனர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் எஞ்சியவர் 90 பேர். மாடும் ஆடும் வளர்ப்பதே இவர்களுடைய முக்கிய ஜீவனம். இத்தனை சிறிய ஊரில் தனி வியாபாரி ஒருவர் கடை வைத்துப் பிழைப்பது அரிது. ஆகவே தீவினர் தமக்குள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பண்டகசாலையைத் தாமே நடத்துகின்றனர். வெளியூரார் தங்க விடுதியும் சங்கத்தினுடையதே. கி.மு. 3700 அளவில் கட்டப்பட்ட நாப் ஆஃப் ஹோவர் என்னும் கல்வீட்டைக் காண்பதற்கும், இந்த விமானத்தில் ஒருமுறை ஏறிப் பார்ப்பதற்கென்றே வருபவர்களும் அவ்விடுதியில் தங்கி, சங்கக் கடையிலேயே சாமான் வாங்குகின்றனர்.